மலிவு விமானம் உண்மையில் மலிவா? பெட்டியை எடை போட்டால் தெரியும் சங்கதி!

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் தினமும் நடக்கிற காட்சி இது.

கவுண்டரில் பெட்டியைத் தூக்கி வைக்கிறார் ஒருவர். எடை 19 கிலோ. "15 கிலோதான் சார் ஃப்ரீ. மீதி 4 கிலோவுக்குப் பணம் கட்டணும்" என்கிறார் ஊழியர். கிலோவுக்குச் சில நூறு ரூபாய்! பெட்டிக்காரர் முழிக்கிறார். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. அப்புறம் என்ன? தரையிலேயே பெட்டி திறக்கப்படுகிறது. முறுக்கு டப்பாவும் புடவைப் பொட்டலமும் தோள் பைக்கு மாறுகின்றன. தோள் பைக்கும் 7 கிலோதான் கணக்கு என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

மலிவு டிக்கெட் என்று வாங்கியவரின் கதி இது. அப்படியானால் கூடக் காசு கொடுத்து, சாப்பாடு போடும் விமானத்தில் போனால் தப்பிக்கலாமா? அதுதான் இல்லை! ஒரு காலத்தில் ஏர் இந்தியாவில் சாதாரண வகுப்புக்கே 25 கிலோ இலவசம். அது 20 ஆனது. 2024 மே மாதம் முதல் குறைந்த கட்டண டிக்கெட்டுக்கு அங்கும் 15 கிலோதான். கூடுதல் எடை வேண்டுமென்றால் கூடுதல் விலை டிக்கெட்.

சீட் கணக்கு

பிறகு இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்? முக்கியமாகச் சாப்பாடு. ஒன்றில் டிக்கெட்டோடு தட்டு வரும். மற்றதில் பசித்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். இன்னொன்று, இடம். இரண்டு கம்பெனியும் ஓட்டுவது ஒரே ஏர்பஸ் ஏ320 ரகம். இண்டிகோ அதில் 180, 186 சீட் போடுகிறது. ஏர் இந்தியாவிடம் மூன்று வகுப்பு வைத்து 164 சீட்டோடு ஓடும் விமானங்கள் உண்டு. ஆனால் அந்தத் தாராளம் முன்பக்கம் உட்காருகிறவர்களுக்குத்தான். கடைசி வரிசை ஆசாமிக்கு முழங்கால் இடிப்பது இடிப்பதுதான்.

மலிவு விமானத்தின் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. ஒரே ரக விமானங்கள் என்பதால் பைலட் பயிற்சிக்கும் உதிரி பாகத்துக்கும் செலவு குறைவு. வந்து இறங்கியதும் அரை மணி நேரத்தில் மறுபடி கிளப்பி விடுவார்கள். ஷேர் ஆட்டோ கணக்குதான்: நிற்கிற வண்டி சம்பாதிக்காது.

ஒரு ரூபாய் டிக்கெட்

இந்தியாவில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் கேப்டன் கோபிநாத். 2003-ல் ஏர் டெக்கானை ஆரம்பித்து ஒரு ரூபாய்க்குக்கூட டிக்கெட் விற்றார். 2020-ல் வந்த 'சூரரைப் போற்று' படத்துக்கு அவர் வாழ்க்கைதான் கரு. பிறகு அந்தக் கம்பெனி கிங்ஃபிஷர் கைக்குப் போனது. 2012-ல் கிங்ஃபிஷரே படுத்தது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு கலந்தது.

ஆக, சாப்பாடு போடுகிற பெரிய கம்பெனி என்று பார்த்தால் ஏர் இந்தியா ஒன்றுதான் மிச்சம். 2025 நிலவரப்படி உள்நாட்டில் பறந்த 10 பேரில் 9 பேர் இண்டிகோ, ஏர் இந்தியா என்ற இரண்டு குழுமங்களில்தான் பறந்தார்கள். இண்டிகோவில் மட்டும் 6 பேருக்கு மேல். மலிவா, வசதியா என்று பயணி பட்டிமன்றம் நடத்தலாம். கடைத்தெருவில் இருப்பதே இரண்டு கடை!

அதன் விபரீதம் 2025 டிசம்பரில் தெரிந்தது. பைலட்டுகளுக்கு வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவில் தரை இறங்கும் எண்ணிக்கையையும் குறைத்துப் புது விதி வந்தது. இண்டிகோவிடம் ஆள் போதவில்லை. டிசம்பர் 5-ந் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் விமானங்கள் ரத்து. மற்ற விமானங்களில் டிக்கெட் விலை எகிறியது. மத்திய அரசு தலையிட்டு 500 கிலோ மீட்டர் வரை ரூ.7,500, 1,500 கிலோ மீட்டருக்கு மேல் ரூ.18,000 என்று தற்காலிக உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று. சென்னை-மதுரை முதல் ரகம். சென்னை-டெல்லி இரண்டாவது ரகம்.

கேட்டால்தான் கிடைக்கும்

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. தாமதம், ரத்து என்றால் இரண்டு வகை விமானத்துக்கும் சட்டம் ஒன்றே. மலிவு டிக்கெட் என்று யாரும் கையை விரிக்க முடியாது. இரண்டரை மணி நேரத்துக்குள் பறக்கிற தூரமானால், 2 மணி தாமதத்துக்கே சிற்றுண்டி தர வேண்டும். டெல்லி மாதிரி தூரமானால் 3 மணி. 6 மணிக்கு மேல் தாமதமானால் வேறு விமானம் அல்லது முழுப் பணம் வாபஸ். முறைப்படி முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் பறக்கும் நேரத்தைப் பொறுத்து ரூ.5,000, ரூ.7,500, ரூ.10,000 நஷ்ட ஈடு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவானால் அந்தத் தொகைதான். புயல், ஸ்டிரைக் போன்ற காரணத்துக்கு நஷ்ட ஈடு கிடையாது.

டிக்கெட் எடுக்கும்போது வெறும் விலையைப் பார்த்தால் போதாது. நாலு பேர் குடும்பம், பெட்டி கனம், சேர்ந்து உட்கார வேண்டும் என்றால் சீட்டுக் காசு, சாப்பாட்டுக் காசு, எடைக் காசு எல்லாவற்றையும் கூட்டி ஒப்பிட வேண்டும். கூட்டினால் இரண்டும் சமமாக வருவதும் உண்டு. ஒற்றை ஆள், ஒரு கைப்பை என்றால் மலிவு விமானமே லாபம். ரத்து என்று போனில் வந்த தகவலை மட்டும் அழித்து விடாதீர்கள். மத்திய அரசின் ஏர்சேவாவில் புகார் செய்யும்போது கையில் இருக்கிற சாட்சி அதுதான்.