பெரியப்பாவுக்கு ஒரு மைக்

முதல் தடவை யோசிக்காமல் மைக் வாங்கி ஏமாந்தேன். இரண்டாம் தடவை ஐந்து மாசம் யோசித்து ஏமாந்தேன். பி.காம். படித்தவன் இரண்டாவது ரகத்தில்தான் அதிகம் விழுவான்.

பெரியப்பாவுக்கு வயசு 78. பிள்ளையார்பாளையத்தில் அறுபது வருஷம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவர். கோர்வைப் புடவைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிப் போடும் பையனாக ஏழு வயசில் ஆரம்பித்தவர். ஜக்கார்டு இல்லாத நாளில் அவர் அப்பா அடை கட்டிப் பூப்போட்ட கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைக்க வேண்டுமென்று எனக்கு ஆசை.

"என் பேச்சைப் புடிச்சு வெச்சு இன்னாடா பண்ணப்போறே? நான் இன்னா நாயனா பிள்ளையா?" என்றார்.

உதாரணம் தலைகீழாகப் போய் விழுந்தது. காஞ்சிபுரம் நாயனா பிள்ளை லயத்தில் புலி. தாள வாத்தியக்காரர்களை வரிசையாக மேடையில் உட்கார வைத்து 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி செய்தவர். 1934-ல் காலமானார். ஊரெல்லாம் கிராமபோன் பாடிக்கொண்டிருந்த காலம்தான். ஆனாலும் இன்றைக்குப் போட்டுக் கேட்க அவர் பாட்டு ஒன்றுகூட இல்லை. சின்ன வயசில் இதே ஊரில் அவரைக் கேட்டு வளர்ந்த டி.கே.பட்டம்மாளின் குரல் வேண்டிய மட்டும் கிடைக்கிறது.

"எங்கப்பா கேட்டிருக்காரு. எப்படி இருந்துச்சுப்பான்னா 'ஆஹா'ம்பாரு. அவ்வளவுதான்" என்றார் பெரியப்பா. அந்த 'ஆஹா' மட்டும்தான் எங்கள் குடும்பத்து ஆஸ்தி.

'செல்போனிலேயே எடுக்கலாமே?' என்பீர்கள். எடுத்தேன். போனுக்கு அக்கறை ஜாஸ்தி. பெரியப்பா மூச்சு வாங்க நிறுத்தினால், 'ஐயோ, சத்தம் குறைஞ்சு போச்சே' என்று தானாகவே ஒலியைத் தூக்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் தெருவில் போகிற கீரைக்காரம்மா உள்ளே வந்துவிடுகிறார்.

சென்னைக்கு பஸ் பிடித்து ரிச்சி தெருவில் இறங்கினேன். கடைப்பையன், "பேச்சா சார், பாட்டா?" என்றான். "இருக்கிறதுலயே நல்லதா குடுப்பா" என்றேன். அங்கேதான் கெட்டது. கண்டென்சர் மைக் ஒன்று, அதை மாட்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் என்கிற பெட்டி ஒன்று. 12,000 ரூபாய் சொச்சம். வீட்டில் 8,000 என்று சொல்லியிருக்கிறேன். என் மனைவி இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

கண்டென்சர் மைக்கில் ஒரு மெல்லிய சவ்வு, பின்னால் ஒரு தகடு, நடுவில் மின்னேற்றம். அந்தப் பெட்டி அனுப்பும் 48 வோல்ட்டில் உயிர் பெற்று, ஊர் வம்பு முழுக்கக் கேட்கும். இன்னொரு ரகம் டைனமிக். காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருள் ஆடுகிறது. மேடைகளில் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். பக்கத்தில் போய் வாயை வைத்தால்தான் காது கொடுக்கும். பெரிய அதிகாரிகள் மாதிரி.

நான் வாங்கினது வம்பு கேட்கிற ரகம். பக்கத்து அறையில் பெரியப்பா மகன் தறி போட்டுக்கொண்டிருந்தான். நாற்பது நிமிஷம் பதிவு செய்து, போட்டுப் பார்த்தால் முதலில் தறி, அப்புறம் கோயில் மணி, குக்கர் விசில் மூன்று, கடைசியில் தூரத்தில் பெரியப்பா. 'வேஸ்ட்' என்று பெயர் வைத்து ஒரு மூலையில் தள்ளினேன்.

அதற்கப்புறம்தான் எக்ஸெல் ஷீட். பதினேழு மைக், ஒன்பது காலம், ஐந்து மாசம். பெட்டி மேல் 192 என்று போட்டிருந்தால் 96-ஐவிட இரண்டு மடங்கு நல்லது என்று கணக்குப் போடத்தானே எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்?

அந்த எண் என்னவென்று பெரியப்பாவுக்கு விளக்கப் போய் எனக்கே புரிந்தது. புடவைக்கு டிசைன் போடுகிறவர் மாங்காயைக் கட்டம் போட்ட தாளில் வரைகிறார். கட்டம் பொடியாக இருந்தால் மாங்காயின் வளைவு வழுவழுப்பாக வரும். பெரிசாக இருந்தால் படிக்கட்டு. ஒலியையும் இப்படித்தான் ஒரு விநாடிக்கு இத்தனை கட்டமென்று கம்ப்யூட்டர் எண்ணி வைக்கிறது. மனுஷக் காது கேட்கிற உச்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் கட்டம் இருந்தால் போதும். சி.டி.க்கு 44,100. பேச்சுக்கு அது தாராளம்.

"அப்ப மேல இருக்கிற கட்டமெல்லாம் யாருக்கு?"

"வௌவாலுக்கு, பெரியப்பா."

ஐந்து மாசத்தில் கற்றதைச் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது பிழையுங்கள். உங்கள் வீடு தெருவைப் பார்த்திருந்தால் டைனமிக் வாங்குங்கள். தனியாக ஒருவர் பேசுவதற்கு, பெட்டியையும் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் யுஎஸ்பி மைக் போதும். மைக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண், அதற்கு மேல் வேண்டாம். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். அறையின் எதிரொலி அப்படியே நிற்கும். காசு செலவில்லாமல் கிடைக்கிற இந்த லாபம் எந்த பிராண்டிலும் கிடையாது. காதை முழுக்க மூடும் ஹெட்போன் கட்டாயம். அது இல்லாததால்தான் அன்றைக்குத் தறிச் சத்தம் உள்ளே போவது எனக்குத் தெரியவே இல்லை. சாஃப்ட்வேருக்குக் காசு கொடுக்காதீர்கள், 2000-லிருந்து ஆடாசிட்டி இலவசம். மீட்டர் மைனஸ் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் ஆடட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் சத்தம் கிழியும், கிழிந்ததை எந்தத் தையற்காரனும் தைக்க முடியாது. மூலப் பதிவு வேவ் ஃபைலாக இருக்கட்டும். எம்பி3 சித்தப்பாவுக்கு அனுப்ப மட்டும்.

ஒருவழியாக டைனமிக் மைக் வந்தது. ஜன்னலுக்கு இரண்டு ரஜாய் கட்டினேன். பதிவு படு சுத்தம். ஒரே குறை, இந்த ஐந்து மாசத்தில் பெரியப்பாவின் மேல்வரிசைப் பல் மொத்தமும் போய், செட் வந்திருந்தது. ஜரிகை 'ஷரிகை' ஆயிற்று. வாக்கியத்துக்கு ஒரு தரம் 'டக்' என்று செட் தாளம் போடுகிறது. அந்த மைக் அதையும் துல்லியமாகப் பிடிக்கிறது.

இன்னொன்று, தறி இல்லை. மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போய்விட்டான். மரச் சாமான் போன விலைக்குப் போயிற்று. குழியை மண் போட்டு மூடி டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததற்கு என் ரஜாய் காரணமில்லை.

ராத்திரி 'வேஸ்ட்' ஞாபகம் வந்தது. நல்லவேளை, அழிக்கவில்லை. மறுநாள் போய் பெரியப்பா தலையில் ஹெட்போனை மாட்டினேன். பழைய பல்லோடு அவர் பேசிக்கொண்டிருந்தார். அவரோ அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். வலது கால் மட்டும் டைல்ஸ் மேல் மெதுவாக அமுங்கி அமுங்கி எழுந்தது.

"எப்ப எடுத்தேடா இத?"

"பங்குனியில, பெரியப்பா."

"அவசரப்படறான் பாரு. பலகைய இழுக்கறதுக்குள்ள காலை மாத்தறான். எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்..." என்று ஹெட்போனைக் காதோடு அமுக்கிக்கொண்டார். "இன்னொரு தரம் போடு."