நிறுத்தும் நாளையும் சீட்டில் எழுதுங்கள்: அமிலம் குறைக்கும் மாத்திரைகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

ஓமிபிரசோல், பான்டோபிரசோல், ராபிபிரசோல் எல்லாவற்றுக்கும் தருமபுரி மெடிக்கல்களில் ஒரே பெயர்: கேஸ் மாத்திரை. இரைப்பைப் புண்ணில் ரத்தம் கசிபவருக்கு இது உயிர் காக்கும் மருந்து. ஆஸ்பிரினோ மூட்டுவலி மாத்திரையோ தொடர்ந்து சாப்பிடும் முதியவர் பலருக்கும் அவசியம். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் காய்ச்சலுக்குப் போனாலும் கைகால் வலிக்குப் போனாலும் சீட்டில் இதுவும் ஏறிவிடுகிறது. பிறகு யாரும் நிறுத்தச் சொல்லாமல் வருடக்கணக்கில் ஓடுகிறது. இந்த வழக்கம் மாற வேண்டும்.

நிலத்தடி நீரின் ஃபுளூரைடு பல்லைக் கறையாக்கி எலும்பையும் முடக்கிய மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டதே அதற்காகத்தான். வயிற்றுவலி, உப்புசம், குமட்டல் ஆகியவையும் ஃபுளூரைடு பாதிப்பில் வரும். அப்படி வந்தவரிடம் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார் என்று கேட்காமல் கேஸ் மாத்திரையை நீட்டினால் நோயின் வேர் அப்படியே கிடக்கும். இம்மருந்தை நீண்டகாலம் எடுப்போருக்கு எலும்பு முறிவு ஆபத்து கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-லேயே எச்சரித்தது. ஏற்கெனவே நொந்த எலும்புக்கு இன்னொரு சுமை எதற்கு?

சர்க்கரை நோயாளிகளைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறோம். மெட்பார்மினும் பி12 சத்தைக் குறைக்கும், கேஸ் மாத்திரையும் குறைக்கும். இரண்டையும் பல ஆண்டு சேர்த்து விழுங்குபவருக்குப் பாதம் மரத்துப்போனால் பழி சர்க்கரைமேல் மட்டும் விழுகிறது. பி12 பரிசோதனை செய்துபார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

சிறுநீரகப் பாதிப்பையும் பக்கவிளைவாக இம்மருந்துகளோடு வரும் துண்டறிக்கையில் சேர்க்கும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் 2019-ல் சொன்னது. அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரையைக் காகித உறையில் போட்டுத் தரும் கடையில் அந்தத் துண்டறிக்கை யார் கைக்கு வரும்?

எனவே எத்தனை நாளுக்கு என்பதை மருத்துவர் சீட்டில் எழுத வேண்டும். சீட்டில்லாமல் கடைகள் இதை விற்கக் கூடாது. வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள், கேஸ் மாத்திரை எத்தனை மாதமாக ஓடுகிறது என்று கேட்டு மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

சாப்பிட்டுவருபவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று விட்டால் அமிலம் சில வாரங்களுக்கு முன்னைவிடக் கூடுதலாகச் சுரந்து நெஞ்செரிச்சல் திரும்பும். மருந்து இல்லாமல் முடியாது என்று நம்பவைப்பதும் அதுதான். மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே புகார் செய்யலாம்.