சுவரைத் தட்டிப் பார்த்தால் போதுமா?



கடந்த ஆண்டு பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பு என் தாயாரைத் தோட்டத்து லயத்திலிருந்து எங்கள் தாமான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால்மரம் சீவியவர். பிள்ளைகளின் படுக்கையறையில் அவரை நெருக்கி வைக்க மனம் வரவில்லை. ஆகவே கூடத்தின் ஒரு மூலையைத் தடுத்து, அவருக்கென ஒரு சிறிய அறை கட்டினோம். செங்கல் வைத்துக் கட்டினால் செலவும் நாளும் கூடும் என்று, ஜிப்சம் பலகையால் தடுப்பு போட்டோம். வேலையாட்கள் இரண்டே நாளில் முடித்து, வெள்ளைச் சாயமும் பூசிவிட்டுப் போனார்கள்.

அம்மாவின் சாமான்கள் இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிட்டன. சாமிப் பலகையை மட்டும் பழைய சேலையில் சுற்றி, வண்டியில் தம் மடிமீதே வைத்துக்கொண்டு வந்தார். என் தந்தையார் தம் கையால் இழைத்துச் செய்த பலகை அது. அதன்மேல் முருகன் படம், மறைந்த அப்பாவின் படம், ஒரு பித்தளைக் காமாட்சி விளக்கு. இவ்வளவுதான் அம்மாவின் சொத்து.

பலகையை மாட்டும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். ஆசிரியருக்குத் தெரியாதது உண்டா என்ற நினைப்பு! சுவரை விரலால் தட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு அழகாக இருந்த இடத்தில் நான்கு துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி, திருகாணியை முடுக்கினேன். அம்மா அன்று மாலையே விளக்கேற்றினார்.

ஒன்பதாம் நாள் இரவு பத்து மணிக்குப் பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பலகை தரையில் கிடக்கிறது. அப்பா படத்தின் கண்ணாடி சுக்குநூறு. விளக்கு ஏற்கெனவே குளிர வைக்கப்பட்டிருந்ததால் எண்ணெய் கொட்டியதோடு போயிற்று. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என் இளைய மகள் அதே இடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

அம்மா அழவில்லை. கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, படங்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "ஒங்கப்பாவுக்கு இங்க வர இஷ்டமில்ல போலருக்குய்யா" என்றார். அதன்பின் அந்த அறையில் விளக்கு எரியவில்லை.

சகுனத்தைப் பற்றி அம்மாவிடம் வாதாட எனக்கு வாய் வரவில்லை. பலகை ஏன் விழுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் நான் சொல்லக்கூடிய பதில் என்று தோன்றியது. அப்படிக் கற்றுக்கொண்டதையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்களில் பலர் லயத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபோனவர்கள். என் தவறு உங்கள் வீட்டிலும் நடக்கலாம் அல்லவா?

முதலில் சுவரைப் பற்றித் தெரிந்துகொள்வோம். பழைய பலகை லயத்தில் சுவர் எதையும் ஒளிப்பதில்லை. ஆணித் தலைகள் ஒரே வரிசையில் தெரியும். அந்த வரிசைக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது என்று சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும். செங்கல் சுவரோ எங்கும் கெட்டி. கல்லுக்குரிய துளையூசியால் துளைத்து, பிளக் வைத்து முடுக்கினால் பிடித்துக்கொள்ளும்.

ஜிப்சம் தடுப்பு இவ்விரண்டிலும் சேராதது. ஏறக்குறைய அரை அங்குலம் கனமுள்ள பலகை, முன்னும் பின்னும் ஒவ்வொன்று. நடுவில் வெறும் காற்று. அந்தப் பலகைகளைத் தாங்கிக்கொண்டு உள்ளே செங்குத்தாகச் சட்டக்கால்கள் நிற்கின்றன. மரத்தாலும் இருக்கலாம், மெல்லிய இரும்புத் தகட்டாலும் இருக்கலாம். பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒன்று அல்லது 24 அங்குலத்துக்கு ஒன்று என நிறுத்துவார்கள். கனமான பொருளின் பாரத்தை இந்தக் கால்களில்தான் ஏற்ற வேண்டும். நானோ நான்கு திருகாணியையும் காற்றில் முடுக்கியிருந்தேன்! செங்கல்லுக்கென்று செய்த பிளக், மாவுபோன்ற ஜிப்சத்தில் எத்தனை நாள் நிற்கும்? ஒன்பது நாள் நின்றதே பெரிது.

சட்டக்கால் எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு கருவி உண்டு. கடையில் ஸ்டட் பைண்டர் என்று கேட்க வேண்டும். நான் இரவுச் சந்தையில் பளபளவென்று இருந்த ஒன்றை மலிவாக வாங்கி வந்தேன். சுவரில் வைத்தால் எங்கும் கீச்சிட்டது. ஜன்னல் ஓரத்தில் கீச், நடுவில் கீச், என் உள்ளங்கையில் வைத்தாலும் கீச்!

மறுநாள் டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சீனப் பெரியவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு, "சிக்கு, பாக்காய் மேக்னெட் டூலு" என்றார். முதலில் காந்தத்தைப் பயன்படுத்துங்கள் ஆசிரியரே என்று பொருள். எனக்கு வெட்கமாகிவிட்டது. காந்தப் பாடம் நடத்துகிறவன் நான். என் மேசை இழுப்பறையில் காந்தம் கிடக்கிறது!

காந்தம் செய்வது எளிய வேலை. ஜிப்சம் பலகையைச் சட்டக்காலோடு இணைக்க இரும்புத் திருகாணிகளை அடித்திருப்பார்கள். அவற்றின் தலையை மாவு பூசி மறைத்துவிடுவார்கள். நல்ல வலுவான காந்தத்தை நூலில் கட்டிச் சுவரோரம் மெல்ல நகர்த்தினால், திருகாணி உள்ள இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒன்று கிடைத்தவுடன் துள்ளக்கூடாது. அதற்கு நேர் மேலும் கீழும், ஏறக்குறைய ஓரடிக்கு ஒன்றாக, இன்னும் இரண்டு மூன்று கிடைக்க வேண்டும். அந்த வரிசைதான் சட்டக்கால். இதற்கு மின்கலம் தேவையில்லை, விலையும் அதிகமில்லை. மெதுவாகத் தேட வேண்டும் என்பதுதான் ஒரே குறை.

இரண்டாவது வகை மின்னணுக் கருவி. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ராபர்ட் பிராங்க்ளின் என்பவர் உருவாக்கியது. 1978இல் காப்புரிமை பெற்றது. பின்னால் வெறும் காற்று இருக்கும் பலகைக்கும், மரம் இருக்கும் பலகைக்கும் மின்னை ஏற்கும் திறனில் சிறு வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டைக் கருவி உணர்ந்து விளக்கெரித்தோ ஒலியெழுப்பியோ சொல்கிறது. ஆனால் பெரும்பாலான கருவிகளுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பொத்தானை அழுத்தும்போது அது சட்டக்கால் இல்லாத இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தையே அது 'வெற்றிடம்' என்று மனத்தில் குறித்துக்கொள்ளும். தவறிப்போய்ச் சட்டத்தின்மேலேயே தொடங்கினால், பிறகு சொல்வதெல்லாம் பிழை. இதைப் படிக்காமல் கருவியைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

மூன்றாவது வகையில் பல உணரிகள் ஒரே வரிசையில் இருக்கும். வெற்றிடம் தேடித் தொடங்க வேண்டிய அவசியமில்லை. சட்டத்தின் அகலம் முழுவதும் ஒரே சமயத்தில் விளக்காகத் தெரியும். விலை கூடுதல்தான். அடிக்கடி இப்படிப்பட்ட வேலை செய்பவருக்கு அது தகும். வீட்டில் ஒரு பலகை மாட்டுபவருக்குத் தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். இரும்புக்கும் மரத்துக்கும் தனித்தனி நிலை இருக்கிறதா என்று பாருங்கள். இரும்புச் சட்டக்கால் போட்ட வீட்டில் அது மிகவும் உதவும். எவ்வளவு கனமான பலகையைத் தாண்டி உணரும் என்று அட்டையில் படியுங்கள். சாதாரணமாக முக்கால் அங்குலம் போதும், இரண்டு பலகை சேர்த்து அடித்த சுவருக்குக் கூடுதல் ஆழம் வேண்டும். சாயம் பூசிய செங்கல் சுவரிலும், ஓடு பதித்த சுவரிலும் சாதாரணக் கருவியை நம்பாதீர்கள். புது மின்கலம் போடுங்கள். மின்கலம் இறங்கினால் கருவி உளறத் தொடங்கும்.

வாங்கியவுடன் அதற்கு ஒரு பரீட்சை வையுங்கள். வாசற்காலின் ஓரத்தில் சட்டம் இருக்கும் என்பது தெரிந்த செய்தி. அங்கே அது சரியாகச் சொல்கிறதா? இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை நகர்த்தி, இரு ஓரங்களையும் பென்சிலால் குறியுங்கள். மூன்று முறை செய்தும் குறிகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தால் அது நம்பத்தக்க கருவி. இரு குறிகளுக்கும் நடுவே ஒன்றரை அங்குலம் போல இருந்தால் அது சட்டக்கால், நடுவில் முடுக்கலாம். பிறகு காந்தத்தை வைத்துத் திருகாணி வரிசையையும் பாருங்கள். இரண்டு சாட்சிகளும் ஒன்றையே சொன்னால்தான் துளையூசியைக் கையில் எடுக்க வேண்டும்.

இப்போது சொல்வதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். சுவருக்குள் சட்டம் மட்டுமில்லை, மின்கம்பியும் இருக்கிறது. நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ட். தெரியாமல் அதைத் துளைத்தால் உயிருக்கே ஆபத்து. சில கருவிகளில் மின்கம்பிக்கு எச்சரிக்கை விளக்கு உண்டு. நல்லதுதான். ஆனால் கம்பியில் மின்சாரம் இருக்கும்போதுதான் அது எரியும். இரும்புக் குழாய்க்குள் ஓடும் கம்பியையோ, ஆழத்தில் ஓடும் கம்பியையோ அது காணாமல் விடக்கூடும். விளக்கு எரியவில்லை என்பதனால் கம்பி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, பக்கவாட்டில் துளை போடாதீர்கள். கருவியால் தேடி முடித்தபின் மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, மின்கலத் துளையூசியால் வேலையைச் செய்யுங்கள். தண்ணீர்க் குழாய் உள்ள குளியலறை, சமையலறைச் சுவர்களிலும் இதே கவனம் வேண்டும்.

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன். காந்தமும் கருவியும் ஒத்துக்கொண்டபடி எங்கள் தடுப்பில் சட்டக்கால்கள் 24 அங்குல இடைவெளியில் நின்றன. இரும்புக் கால்கள். ஆகவே தகட்டுக்குரிய திருகாணி வாங்கினேன். அப்பாவின் பலகையை அளந்தேன். சரியாக 30 அங்குலம். இரண்டு தாங்கிகளையும் இரண்டு கால்களின்மேல் பொருத்தினால், இருபக்கமும் மும்மூன்று அங்குலம் மிச்சம். இதற்கென்றே அளந்து செய்ததுபோல் இருந்தது.

சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்தேன். பலகை, படங்கள், விளக்கு, எண்ணெய் எல்லாம் சேர்த்து 6 கிலோ. மெல்லிய தகட்டுக் காலுக்கு இதைத் தாங்கும் வலு உண்டு. பெரிய அலமாரி, தொலைக்காட்சி போன்ற பாரத்துக்கு உள்ளே தடித்த ஒட்டுப்பலகை வைத்துக் கட்டியிருக்க வேண்டும். இல்லையேல் செங்கல் சுவரைத் தேடிப் போவதே மேல். நான் படங்களை உடனே வைக்கவில்லை. வெறும் பலகையில் 10 கிலோ அரிசி மூட்டையை ஏற்றி, கீழே யாரும் உட்காராதபடி நாற்காலியை மறித்துப் போட்டு, ஒரு வாரம் விட்டுவைத்தேன். தினமும் காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது பென்சில் கோட்டைப் பார்ப்பேன். மயிரிழையும் இறங்கவில்லை.

அந்த ஒரு வாரமும் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தினமும் மூட்டையை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார் என்று என் துணைவியார் சொன்னார்.

எட்டாம் நாள் மூட்டையை இறக்கிவிட்டு அம்மாவை அழைத்தேன். சுவரில் இருந்த பென்சில் குறிகளைக் காட்டி, முன்பு நான் முடுக்கிய இடம் காற்று, இப்போது முடுக்கியிருப்பது கால் என்று விளக்கினேன். பலகையின் அகலம் இரண்டு கால்களுக்கும் பொருந்தியதையும் சொன்னேன். அம்மா பலகையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அவரு எப்பவும் அளந்துதான் வெட்டுவாரு. நீதான் அளக்காம மாட்டிட்ட" என்றார்.

இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் நோட்டுகளில் சிவப்பு மையால் திருத்தி வருகிறேன். இவ்வளவு சரியான திருத்தத்தை நான் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. அன்று மாலை பெட்டி திறந்தது. புதுக் கண்ணாடி போட்ட படத்துக்குப் பொட்டு வைத்து, சுவரை ஒட்டாமல் விளக்கை முன்னால் நகர்த்தி வைத்து, அம்மா திரி போட்டார்.

உங்கள் வீட்டிலும் தலைக்குமேல் எதையாவது மாட்டியிருப்பீர்கள். இந்த வாரம் ஒருமுறை அதன் கீழே நின்று, அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால் முதலில் கீழே இறக்கி வையுங்கள். காந்தத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.