கொல்லையில் விரித்த நிலப்போர்வை திரும்பிப் போக வழி கேட்டு மனு

அனுப்புநர்:
காய்கறி பயிரிடும் விவசாயிகள் சங்கத்தார்,
திருவண்ணாமலை வட்டாரம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், வேங்கிக்கால், திருவண்ணாமலை.

நகல்: தோட்டக்கலைத் துணை இயக்குநர், திட்ட இயக்குநர், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம்.

பொருள்: களைக்கட்டுப்பாட்டுக்காக விரிக்கும் பிளாஸ்டிக் நிலப்போர்வையை அறுவடைக்குப் பின் சேகரிக்க ஏற்பாடு செய்தல், விற்பனையில் தடிமனைச் சோதித்தல், இயற்கை மூடாக்குக்கும் மானியம் வழங்குதல் தொடர்பாக.



தக்காளி, கத்தரி, மிளகாய், தர்பூசணி பயிரிட்டுப் பிழைக்கும் நாங்கள், நிலப்போர்வையைக் குறை சொல்ல இந்த மனுவைக் கொண்டு வரவில்லை. மல்ச்சிங் ஷீட் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பொருள் வந்த பிறகுதான் களையெடுக்க ஆள் தேடி ஊர் ஊராக அலைவது குறைந்தது. அதற்கு முன் நாற்று நட்ட இருபது நாளில் ஒரு களை, நாற்பதில் ஒரு களை, காய்ப்புக்கு வருமுன் இன்னொன்று. ஒரு மழை பெய்து, ஆள் வர ஒரு வாரம் தள்ளிப்போனால் சாரணையும் பார்த்தீனியமும் செடியை மூடிவிடும். இப்போது பார் போட்டு, சொட்டுநீர்க் குழாயை இழுத்து, மேலே வெள்ளியும் கீழே கறுப்புமான ஷீட்டை விரித்து, துளையிட்டு நடுகிறோம். கறுப்புப் பக்கம் வெளிச்சத்தைத் தடுப்பதால் அடியில் களை முளைத்தாலும் வளர்வதில்லை. வெள்ளிப் பக்கத்தில் பட்டுத் திரும்பும் வெயில் இலைப்பேனையும் அசுவினியையும் ஓரளவு விலக்குகிறது. ஈரம் காயாமல் நிற்பதால் கிணற்றில் தண்ணீர் குறையும் சித்திரையிலும் செடி தாக்குப்பிடிக்கிறது. கோரை ஒன்றுதான் அடங்காது. அதன் முளை ஊசி போல ஷீட்டையே குத்திக்கொண்டு மேலே வந்துவிடும்.

விரிப்பதற்கு அரசு கைகொடுத்ததையும் நன்றியோடு சொல்கிறோம். ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் 2014 வழிகாட்டுதல், ஹெக்டேருக்கு ரூ.32,000 செலவு எனக் கொண்டு அதில் பாதியை, அதாவது ரூ.16,000-ஐ, ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரை மானியமாகத் தர வழி செய்தது. சொட்டுநீருக்கு இம்மாநிலத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்தே இந்த முறை சிறு விவசாயியின் கொல்லை வரை வந்தது.

எங்கள் கவலை அறுவடைக்குப் பிறகு தொடங்குகிறது. விரிக்கப் பணம் உண்டு, எடுக்கப் பணம் இல்லை. எடுத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடமும் இல்லை.

ஷீட்டை எடுக்கும் வேலையை நேரில் பார்த்தவர்களுக்கு இது புரியும். காய்ந்த தக்காளித் தண்டுகளை முதலில் அறுத்து அகற்ற வேண்டும். இரண்டு ஓரமும் மண்ணுக்குள் அரை அடி புதைந்திருக்கும். ஒருவர் மண்வெட்டியால் ஓரத்தை நெம்ப, இன்னொருவர் இழுத்துச் சுருட்டுகிறார். நாலைந்து மாத வெயில் பட்ட மெல்லிய ஷீட் பத்தடி கூட முழுசாக வராது. துளைக்குத் துளை கிழிந்து, பட்டை பட்டையாகக் கையில் வரும். புதைந்த ஓரம் அறுபட்டு மண்ணிலேயே தங்கிவிடும். அடுத்த உழவில் கலப்பை அதை விரல் அளவுத் துண்டுகளாக்கிவிடுகிறது. அதன் பிறகு அதைப் பொறுக்க எவராலும் முடியாது.

அளவையும் கணக்கிட்டோம். நாலடி அகலம், 400 மீட்டர் நீளம், 25 மைக்ரான் தடிமன் உள்ள ஒரு ரோல் சுமார் 11 கிலோ எடை வரும். பாருக்குப் பார் ஐந்தடி விட்டால் ஏக்கருக்கு ஆறேழு ரோல் பிடிக்கும். ஆக, ஒரு ஏக்கரில் ஒரு பருவத்தில் எழுபது, எழுபத்தைந்து கிலோ பிளாஸ்டிக் விரிக்கிறோம். ஒரு முறை மட்டும் பயன்படும் பையைத் தவிர்க்கச் சொல்லி 2019 ஜனவரி 1 முதல் தடை கொண்டுவந்த மாநிலம் இது. 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் கையில் கொடுத்ததும் இதே மாநிலம்தான். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் பிளாஸ்டிக் சேராமல் காக்க நிர்வாகம் எடுத்துக்கொள்ளும் அக்கறை, அதே மலையைப் பார்த்துக் கிடக்கும் கொல்லைகளுக்கும் வேண்டும் என்று கேட்கிறோம்.

எடுத்த ஷீட்டை நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்கிறோம். வரப்பில் குவிக்கிறோம். சிலர் கொளுத்துகிறார்கள், அந்தப் புகையை மூச்சில் வாங்குவது எங்கள் பிள்ளைகள்தான். பழைய இரும்பு, பிளாஸ்டிக் எடுப்பவர்கள் மண் ஒட்டிய ஷீட்டைத் தொடுவதில்லை. காற்றடித்தால் ஓடைக்கும், ஓடையிலிருந்து ஏரிக் கலங்கலுக்கும் போகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் வடிந்தபோது தென்பெண்ணைக் கரையோர முள்மரங்களில் இந்தக் கறுப்புப் பட்டைகள் தொங்கியதைக் கண்டோம்.

காய்கறிக்கு அடுத்து எங்கள் கொல்லையில் பெரும்பாலும் மல்லாட்டை எனும் வேர்க்கடலைதான் போடுகிறோம். செடியைப் பிடுங்கும்போது காயோடும் வேரோடும் ஷீட்டுத் துண்டு சுற்றிக்கொண்டு வருகிறது. காயை ஆய்ந்த பிறகு அந்தக் கொடியைத்தான் மாட்டுக்குப் போடுகிறோம். தீனியைப் போடுமுன் துண்டுகளை விரலால் பிரித்தெடுப்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் புது வேலையாகச் சேர்ந்திருக்கிறது. எல்லாத் துண்டும் கண்ணில் படுவதில்லை. மாட்டின் வயிற்றில் போன பிளாஸ்டிக் செரிக்காது என்பதைக் கால்நடை மருத்துவர்கள் எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இது இம்மாவட்டத்துக்கு மட்டும் வந்த துன்பம் அல்ல. உலகம் முழுவதும் பயிர்த்தொழிலிலும் கால்நடை வளர்ப்பிலும் ஆண்டுக்கு 1.25 கோடி டன் பிளாஸ்டிக் பயன்படுவதாக ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 2021இல் கணக்குச் சொன்னது. சீனாவில் சின்ஜியாங் பருத்தி நிலங்களில் ஷீட்டுத் துண்டு சேர்ந்து மண் கெட்ட பிறகுதான், குறைந்தபட்சத் தடிமனை 8இலிருந்து 10 மைக்ரானாக உயர்த்தி 2018 மே மாதம் நடைமுறைப்படுத்தினார்கள். மெல்லிய ஷீட் கிழியும், கிழிந்ததைச் சேகரிக்க முடியாது என்பதே அதற்குக் காரணம். அவர்கள் பல்லாண்டு கெடுத்துக்கொண்டு கற்ற பாடத்தை நாம் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே எங்கள் முதன்மையான கோரிக்கை சேகரிப்பு மையம். உழவர் சந்தைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கும் நாங்கள் எப்படியும் வண்டியில் வருகிறோம். அங்கே வட்டாரத்துக்கு ஓர் இடம் ஒதுக்கி, உதறிக் காயவைத்துக் கொண்டுவரும் ஷீட்டை எடைபோட்டு வாங்க வேண்டும். கிலோவுக்கு ஒரு தொகை கிடைத்தால் வரப்பில் எரிப்பது தானாக நின்றுபோகும். மானியத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, பழைய ஷீட்டை ஒப்படைத்த சீட்டைக் காட்டிய பின் விடுவித்தாலும் எங்களுக்கு உடன்பாடே. ஆனால் அந்தப் பங்கு இப்போதுள்ள மானியத்துக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும். இருப்பதில் பிடித்தம் செய்தால் சிறு விவசாயி தாங்கமாட்டார்.

சேகரித்ததை என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்ட முறையில், சூடேற்றிய ஜல்லியின் மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவித் தார்ச்சாலை போடுகிறார்கள். அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்ததும் அந்தப் பணிக்காகத்தான். நிலப்போர்வையும் பாலிஎத்திலீன்தான். மண் போகக் கழுவித் துருவினால் ஊரகச் சாலைகளுக்கு ஆகுமா என்று ஊரக வளர்ச்சி முகமை சோதித்துப் பார்க்க வேண்டும்.

2022 பிப்ரவரியில் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் சேர்த்த வழிகாட்டுதல், பொட்டலப் பிளாஸ்டிக்கை உற்பத்தி செய்து சந்தைக்கு அனுப்புபவருக்கே அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தந்திருக்கிறது. நிலப்போர்வை பொட்டலம் அல்ல என்பதால் அந்தப் பொறுப்பு இங்கே யாருக்கும் இல்லை. இதை மேலிடத்துக்கு எழுதி, நிலப்போர்வை தயாரிப்பவரையும் விற்பவரையும் அதில் சேர்க்கப் பரிந்துரைக்குமாறு வேண்டுகிறோம்.

கடையில் 25 மைக்ரான் என்று வாங்கியது கொல்லையில் விரிக்கும்போதே கிழிந்த அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. மைக்ரானை எங்கள் கண்ணால் அளக்க முடியாது, எடையைப் பார்க்க முடியும். ஒவ்வொரு ரோலிலும் அகலம், நீளம், தடிமனோடு எடையையும் அச்சிடச் செய்யுங்கள். அலுவலர்கள் பருவத்துக்கு ஒரு முறையாவது கடைகளில் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். மட்கும் ஷீட் என்று சொல்லி விற்பதையும் கவனிக்க வேண்டும். வெயிலில் பொடியாக உதிர்வதும் மண்ணில் மட்குவதும் ஒன்றல்ல. அப்படிப் பொடியாகும் வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் சந்தையிலிருந்தே விலக்கிவிட்டது. உண்மையில் மட்கும் ஷீட்டை வாழவச்சனூர் அரசு வேளாண்மைக் கல்லூரி நமது செம்மண்ணில் இரண்டு பருவம் போட்டுப் பார்த்து முடிவைச் சொன்னால், அதை நம்பி வாங்குவோம்.

இறுதியாக, பிளாஸ்டிக்குக்கு மட்டும் மானியம் என்ற நிலை மாற வேண்டும். கரும்புச் சோகை, மல்லாட்டைத் தோல், வைக்கோல் மூன்றும் இம்மாவட்டத்தில் கிடைப்பவை. சோகையைக் கொளுத்துகிறோம், கொல்லைக்கு ஷீட் வாங்குகிறோம். வெண்டை, கொத்தவரை போன்ற பயிர்களுக்குச் சோகை மூடாக்கே போதும். அதை நறுக்கவும் ஏற்றி இறக்கவும் ஆகும் கூலிக்கு அதே ஹெக்டேர் கணக்கில் உதவி தந்தால் பலர் மாறிவிடுவோம். சோகை நறுக்கும் கருவியும் சிறிய களைக்கருவியும் அரசின் இ-வாடகைச் சேவையில் நடவுப் பருவத்துக்கு முன்பே கிடைக்கச் செய்ய வேண்டும்.

இம்மனுவோடு ஒரு சாக்கு கொண்டுவந்திருக்கிறோம். பத்து சென்ட் தக்காளிக் கொல்லையில் கையால் எடுத்த பழைய ஷீட் அதில் இருக்கிறது. தனிப் பையில் உள்ளவை அதே நிலத்தில் மல்லாட்டைக் கொடியிலிருந்து பிரித்த துண்டுகள். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அதிகாரிகள் முன்னிலையில் இரண்டையும் எடைபோட்டுப் பதிவு செய்து, எங்கள் கோரிக்கைகளுக்குத் துறைவாரியாகப் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காய்கறி பயிரிடும் விவசாயிகள் சங்கத்தார்,
திருவண்ணாமலை.