பாதை வேறுபாடும் கட்ட வேறுபாடும் ஒரு காமர்ஸ் மாணவனும்

போன வாரம் பனமரத்துப்பட்டியில் வீட்டில் இருந்தபோது சித்தப்பா பையன் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தோடு வந்தான். "அண்ணா, பாதை வேறுபாடும் கட்ட வேறுபாடும் ஒண்ணுதானே? ஃபார்முலாவுல சமம் போட்டிருக்கே?"

பி.காம். படிக்கிறவனிடம் கேட்கிறானே என்று சிரிக்காதீர்கள் நண்பர்களே. நானும் பிளஸ் டூ வரை சயின்ஸ் குரூப்தான். பாதை வேறுபாட்டை அலைநீளத்தால் வகுத்து இரண்டு பையால் பெருக்கினால் கட்ட வேறுபாடு. இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்து, பரீட்சையில் கணக்கைக் கோட்டைவிட்டு, 'நமக்கு பிசிக்ஸ் வராது' என்று முடிவு கட்டியவன். இவனும் அதே முடிவுக்குப் போய்விடக் கூடாதே என்ற கவலை எனக்கு.

என் கருத்து இதுதான்: அந்த வரியை முதலில் கொடுப்பதே தப்பு. அது இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. டாலரை ரூபாயாக மாற்றுகிற மாதிரி ஒரு மாற்று விகிதம், அவ்வளவுதான். ஒரு அலைநீளத்துக்கு 360 டிகிரி.

வாரச் சந்தையை வைத்துச் சொன்னேன். சந்தை நாளிலிருந்து 7 நாள் தள்ளி வந்தாலும் சந்தை உண்டு, 70 நாள் தள்ளி வந்தாலும் உண்டு. 9 நாள் தள்ளி வந்தால் கிழமை இரண்டு நாள் பிசகும். எத்தனை நாள் தள்ளி என்பது பாதை வேறுபாடு. கிழமை எவ்வளவு பிசகியது என்பது கட்ட வேறுபாடு. அலைகள் கூடுமா, அழியுமா என்பதைக் கிழமைதான் தீர்மானிக்கும்.

பாதை வேறுபாடே இல்லாமலும் கட்ட வேறுபாடு வரும். சோப்புப் படலம் உடையப் போகும் சமயம் மேலே கருப்பாகத் தெரியும், பார்த்திருக்கிறீர்களா? அங்கே படலம் அவ்வளவு மெல்லியது, பாதை வேறுபாடு கிட்டத்தட்ட பூஜ்யம். ஃபார்முலாப்படி பளிச்சென்று இருக்க வேண்டும். ஆனால் முன்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளி 180 டிகிரி புரண்டுவிடுகிறது, பின்பக்கத்தில் பட்டது புரளுவதில்லை. இரண்டும் அழித்துக்கொள்கின்றன. ஃபார்முலாவை மட்டும் நம்பியவன் இங்கே மாட்டிக்கொள்வான் (மாட்டிக்கொண்டேன்).

இந்த வித்தியாசத்தை வைத்தே பிழைக்கிற ஒரு கருவி நம் ஊட்டியில் இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் முத்தோரையில் கட்டி, 1970-ல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், மலைச்சரிவில் தெற்கு வடக்காகக் கிடக்கிறது. கிழக்கு மேற்காக அதைச் சுழற்றலாம். வடக்கு தெற்காக? அரை கிலோமீட்டர் இரும்பை யார் தூக்குவது!

அதன் நீளம் முழுக்க 1056 சின்ன ஆண்டெனாக்கள். சாய்வாக வரும் அலை ஒரு முனைக்கு முந்தியும் மறுமுனைக்குப் பிந்தியும் சேரும். நேர்க்கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்ந்து வந்தால் இரு முனைகளுக்கும் பாதை வேறுபாடு 265 மீட்டர். அலைநீளமோ சுமார் 92 செ.மீ. இரண்டு ஆண்டெனாக்களுக்கு இடையே 46 செ.மீ. வேறுபாடு என்றால் கட்டம் 180 டிகிரி, இரண்டும் அழியும். மின்சுற்றில் ஒன்றின் கட்டத்தை 180 டிகிரி நகர்த்திவிட்டால் இரண்டும் கூடும். பாதை மாறவில்லை, கட்டம்தான் மாறியது. ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் தக்கபடி இப்படி நகர்த்தினால், இரும்பு அசையாமலே பார்வை வடக்கும் தெற்கும் போய் வரும். பாடத்தை இங்கிருந்து ஆரம்பித்திருந்தால் நான் பி.காம். வந்திருப்பேனா தெரியாது :-)

எல்லாம் கேட்டுவிட்டு தம்பி ஒரு கேள்வி போட்டான். "அப்போ 180 டிகிரின்னு மட்டும் தெரிஞ்சா, பாதை 46 செ.மீ.யா 138 செ.மீ.யான்னு எப்படிண்ணா கண்டுபிடிக்கிறது?"

கிழமையை மட்டும் சொன்னால் தேதி வராதுடா, வேறொரு அலைநீளத்திலும் பார்த்தால் கொஞ்சம் நெருங்கலாம் என்றேன். "எங்க, போட்டுப் பாக்கலாம்" என்று என் அக்கவுண்ட்ஸ் நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.