மாஹே மாதவனைத் தெரியுமா தோழர்களே?

ஹிட்லர் படை சுட்டுக் கொன்ற இந்தியர் ஒருத்தர் இருக்கார். மிச்சிலோட்டு மாதவன்.

1914ல் மாஹேயில் பிறந்தவர். நம்ம சேத்தியாத்தோப்புல பஸ் ஏறினா போய்ச் சேருற புதுச்சேரியில படிச்சவர். மேல்படிப்புக்கு பாரிஸ் போய், பிரெஞ்சு கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். நாஜி ஆக்கிரமிப்பு வந்தபோது ஒதுங்கி நிற்கவில்லை.

1942 மார்ச்சில் அவரைப் பிடித்தது பிரெஞ்சு போலீஸ். ஒப்படைத்தது ஜெர்மானியரிடம். செப்டம்பரில் பாரிஸ் தியேட்டர் ஒன்றில் குண்டு வெடித்தது. அப்போ மாதவன் சிறையில்! ஆனாலும் பழிவாங்க 116 பிணைக்கைதிகளைச் சுட்டார்கள். செப்டம்பர் 21, மோன் வலேரியன் கோட்டையில் மாதவனும் விழுந்தார். வயசு 28.

"நம்மை அடிமையா வச்சிருந்த பிரான்சுக்காக ஏன் சாகணும்?"னு சிலர் கேட்கலாம். ஃபிராங்கோவிடம் சொந்த மண்ணை இழந்த பாஸ்க் அகதிகளும் 1945 ஏப்ரலில் கெர்னிகா பட்டாலியனாக பிரான்சில் நாஜிகளோடு மோதினாங்க. பாசிசம் எல்லைக்கோட்டில் நிற்காதுனு பட்டுத் தெரிஞ்சவங்க அவங்க.

இனம், மதம் சொல்லி மனுஷனைப் பிரிக்கிற அரசியல் எங்கே தலைதூக்கினாலும் அது நம்ம சண்டைதான். புதுச்சேரி, தமிழ்நாடு பள்ளிப் பாடத்தில் மாதவனுக்கு ஒரு பக்கம் வேண்டும். பகிருங்கள் தோழர்களே!

#மிச்சிலோட்டு_மாதவன் #பாசிசம்_வீழ்க