சூப்பர் கப் 2019: வீம்புக்கு விட்ட கோப்பை

ஃபுட்பால் பதிவுன்னா நாலு பேர்தான் படிப்பீங்கன்னு தெரியும் மக்களே. என்ன செய்ய, கருங்கல்காரன் நான். பக்கத்துல தூத்தூர் கடற்கரைப் பக்கம் கிரிக்கெட்டை விட இதுக்குத்தான் மவுசு.

ஐ-லீக், ஐ.எஸ்.எல். ரெண்டு பக்கத்து அணிகளும் மோதின நாக்-அவுட் கோப்பைதான் அப்போ சூப்பர் கப். 2019-ல் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் உட்பட பல ஐ-லீக் கிளப்புகள் அதைப் புறக்கணிச்சாங்க. ஐ.எஸ்.எல்.லைத் தூக்கி வச்சு எங்களை ஓரங்கட்டுறாங்கன்னு கோபம். கோபம் நியாயம்தான். ஆனா காட்டின விதம் சுத்த வீம்பு.

கோவையில் ஆடிக்கிட்டிருந்த சென்னை சிட்டி அந்த வருஷ ஐ-லீக் சாம்பியன். அவங்க புவனேஸ்வருக்குப் போனாங்க. காலிறுதியில் யாரைச் சாய்ச்சாங்க தெரியுமா? ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூரு எஃப்.சி.யை, 2-1! ஆயிரம் அறிக்கை விட்டாலும் இதுக்கு ஈடாகுமா? தனித்தனி லீக்ல ஆடுற இவங்க மோத இந்தக் கோப்பையை விட்டா வேற எது இருந்துச்சு?

அரையிறுதியில் கோவாகிட்ட 3-0ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டது வேற கதை. அதே கோவாகிட்ட இறுதிப் போட்டியில் 2-1ன்னு தோத்தது யாரு? ஐ.எஸ்.எல்.லில் கடைசி இடம் பிடிச்ச நம்ம சென்னையின் எஃப்.சி.! (பட்டியலைப் பார்த்துச் சிரிச்சவங்க எங்கப்பா?)

பகானும் பெங்காலும் வந்திருந்தா ஐ.எஸ்.எல். அணிகளுக்கு இன்னும் ரெண்டு அடி விழுந்திருக்கலாம். வீட்லயே உக்காந்துட்டாங்க. இல்லைங்கறவங்க பின்னூட்டத்துல சண்டைக்கு வாங்க.